தொட்டி மண்ணில் அமிலமும் காரமும்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக்குள் வளரும் செடிகளைப் பற்றி வந்த கடிதங்களில், மண்ணின் அமில-கார நிலையோடு தொடர்புடையவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இந்நிலையைக் குறிக்கும் பி.எச். என்ற அளவை, கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் என்ற வேதியியலர் 1909-ல் வகுத்தார். அதில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் கூடினாலோ குறைந்தாலோ அது பத்து மடங்கு மாற்றம் என்பதால், 6-க்கும் 8-க்கும் இடையிலுள்ள வேறுபாடு நூறு மடங்கு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படிக்க வேண்டுகிறோம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் வருகிறது. நர்சரியில் வாங்கிய பீஸ் லில்லியும் ஆந்தூரியமும் முதல் சில மாதங்கள் செழிப்பாக இருந்தன. இப்போது புதிதாக விரியும் இலைகள் வெளிர் மஞ்சளாக இருக்கின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன. மாதந்தோறும் மண்புழு உரம் இடுகிறேன். மண்ணில் சத்து இல்லையா?
— வேளச்சேரி வாசகி

சத்து இருக்கிறது, ஆனால் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றே உங்கள் வர்ணனையிலிருந்து தோன்றுகிறது. இலை மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், எந்த இலை மஞ்சளாகிறது, எப்படி மஞ்சளாகிறது என்பதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் சீராக வெளுக்கும். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுக்கும். இரும்புச் சத்து பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகரக்கூடியது அன்று; ஆகையால் அதன் குறைபாடு எப்போதும் குருத்திலும் இளம் இலையிலும்தான் முதலில் தெரியும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நீங்கள் சொல்வது இதைத்தான்.

ஆந்தூரியம், பீஸ் லில்லி இரண்டுமே 5.5 முதல் 6.5 வரையிலான மண்ணை விரும்புபவை. மண் 7-ஐத் தாண்டும்போது இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறி, வேரின் அருகிலேயே இருந்தும் பயன்படாமல் போகிறது. துத்தநாகமும் மாங்கனீசும் இதே வழியில் முடங்குகின்றன. மண்புழு உரமும் பெரும்பாலும் நடுநிலையிலோ அதற்குச் சற்று மேலேயோ இருப்பதால், அதை எவ்வளவு இட்டாலும் மண்ணின் காரத்தன்மை இறங்காது.

நர்சரியிலிருந்து வந்தபோது சரியாக இருந்த மண் எப்படிக் காரமானது என்றால், நீங்கள் நாள்தோறும் ஊற்றிய தண்ணீரால்தான். சென்னையின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில், அமிலத்தை ஈடுசெய்யும் கரைந்த உப்பான பைகார்பனேட் மிகுதி. தண்ணீரின் பி.எச். எண்ணை விட இந்தப் பைகார்பனேட்டின் அளவே தொட்டிச் செடிக்கு முக்கியம், ஏனெனில் பி.எச். 8 காட்டும் இரண்டு தண்ணீர்களில் ஒன்று மண்ணைச் சிறிதும் மாற்றாமல் போகலாம், மற்றொன்று ஆறே மாதத்தில் மண்ணை முழுக்கக் காரமாக்கிவிடலாம். குடிநீருக்கான இந்தியத் தரக்குறியீடு (ஐ.எஸ். 10500) மொத்தக் காரத்தன்மையை (பெரும்பாலும் இந்தப் பைகார்பனேட்டால் வருவது) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்துள்ளது. சிறிய தொட்டிகளுக்கோ 100-ஐத் தாண்டினாலே மண் மெல்ல மெல்லக் காரப் பக்கம் நகரத் தொடங்கும். மனிதர் குடிக்கத் தகுந்த நீர் தொட்டிக்கும் தகுந்ததாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோட்டத்து மண்ணுக்கு ஆழமும் உண்டு, ஆண்டுதோறும் மழை கழுவும் வாய்ப்பும் உண்டு. வரவேற்பறையில் இருக்கும் இரண்டு லிட்டர் மண்ணுக்கு இவை இரண்டும் கிடையாது. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்மையான பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐயமே வேண்டாம்.

ஆகவே மண்ணைத் திருத்துவதற்கு முன் தண்ணீரைத் திருத்துங்கள். மிக எளிய வழி, ஆழ்துளைக் கிணற்று நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அடியில் படியும் சுண்ணத்தைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் இறுத்து ஊற்றுவது. கொதிக்கும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து வெண்மையாகப் படிந்துவிடுவதால் தண்ணீரின் காரத்தன்மை கணிசமாகக் குறையும். நான்கைந்து தொட்டிகள் வைத்திருப்பவருக்கு இது போதும். இல்லையெனில், சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வரும் ஆர்.ஓ. நீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். வடகிழக்குப் பருவமழையின்போது முதல் மழையை ஓடவிட்டு, அடுத்தடுத்த மழைநீரை மூடியுள்ள பீப்பாயில் பிடித்து, கொசு நுழையாதபடி துணி கட்டி வைத்துக்கொள்ளலாம். வெயிலுக்காக மொட்டை மாடியில் சுண்ணாம்பு பூசியிருந்தால் அந்தத் தளத்தில் ஓடிய நீரைப் பிடிக்காதீர்கள்; திறந்த வெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்ததே நல்லது.

உங்கள் குடியிருப்பில் கடினநீரை மென்னீராக்கும் கருவி பொருத்தியிருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைக் கொடுக்கிறது. பைகார்பனேட்டை அப்படியே விட்டுவிடுகிறது. துணி துவைக்கச் சுகமான இந்தத் தண்ணீர், செடிக்குக் கடினநீரை விடவும் கெடுதல். இதைக் கொதிக்கவைத்தாலும் பயனில்லை.

தண்ணீர் மாறிய பிறகு, உடனடி நிவாரணமாக இரும்பைக் கொடுக்கலாம். நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் பச்சை நிற உப்புதான் இரும்பு சல்பேட். ஆனால் உரக் கடையில் வேளாண் தரத்தில் வாங்குவது மேல். மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, கரைத்த உடனேயே மண்ணில் ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்தால் பழுப்பாக மாறி வீணாகிவிடும். தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது என்பதால், மொசைக் தரை உள்ள வீடுகளில் தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். கொடுக்கிணைப்பு இரும்பு (மண்ணில் கரையாமல் போகாதபடி வேறொரு சேர்மத்தால் பிணைத்த ‘செலேட்’ இரும்பு) என்ற பெயரில் விற்கப்படுபவற்றில், இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5-க்கு மேல் பெரும்பாலும் பலனளிக்காது. உங்கள் மண்ணுக்கு, விலை கூடினாலும், இ.டி.டி.எச்.ஏ. வகைதான் ஏற்றது. முற்றி வெளுத்த இலைகள் திரும்பப் பச்சையாகின்றனவா என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து விரியும் இலையின் நிறமே விடை சொல்லும்.

ஆண்டுக்கு ஒரு முறை மண்ணை மாற்றுவதும் அவசியம். நன்கு அலசிய தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு, கைப்பிடியளவு பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் எடை குறைந்த வெண்ணிறக் கல்துகள்) என்ற கலவை உங்கள் இரு செடிகளுக்கும் ஒத்துவரும். கட்டடம் நடக்கும் இடத்திலிருந்து அள்ளிவந்த செம்மண்ணை மட்டும் சேர்க்காதீர்கள். அதில் கலந்துள்ள சிமென்ட் துகளும் காரையும் தொடர்ந்து சுண்ணத்தைக் கசியவிடும்.

மூன்று முனைகள் கொண்ட மண் பரிசோதனைக் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். எந்தத் தொட்டியில் செருகினாலும் 7 என்றே காட்டுகிறது. என் எல்லாச் செடிகளும் நடுநிலை மண்ணில்தான் இருக்கின்றனவா?
— மேற்கு மாம்பலம் வாசகர்

மின்கலம் இல்லாமல் இயங்கும் அந்தக் கருவிகளை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். இரு உலோகங்களுக்கு இடையே உண்டாகும் சிறு மின்னோட்டத்தைத்தான் அவை அளக்கின்றன. ஈரமும் உப்பும் கூடக் குறைய இருந்தாலே முள் நகரும். தொட்டியின் தளர்வான கலவையில் முள் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும்.

இதைவிட நம்பகமான முறை ஒன்று உண்டு. தொட்டிக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு தொட்டியை ஒரு சுத்தமான தட்டின் மேல் சற்று உயர்த்தி வைத்து, மேலிருந்து வடிநீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். இன்வெர்ட்டர் மின்கலத்துக்கென விற்கப்படும் வடிநீரே போதும். அடியில் சொட்டும் முதல் 50 மில்லி லிட்டரைப் பிடித்துச் சோதித்தால், வேரைச் சுற்றியுள்ள ஈரத்தின் நிலை உள்ளபடி தெரியும். சோதிக்க, 4 முதல் 9 வரையிலான சோதனைத்தாள் போதுமானது. அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டுக் கரைசல் இன்னும் தெளிவாகக் காட்டும். கொளத்தூரில் மீன் வாங்கப் போகிறவர்களிடம் சொல்லிவைத்தால் அதுவும் கைக்கு வந்துவிடும். பி.எச். அளக்கும் மின்னணுப் பேனா வாங்குவதென்றால், அளவு திருத்தும் கரைசல்களும் உடன் வருகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். திருத்தப்படாத பேனா சில வாரங்களிலேயே பொய் சொல்லத் தொடங்கும்.

மஞ்சள் தூளைக் கொண்டு சோதிக்கலாமா என்று வேறு இரு வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எல்லா வீடுகளிலும் தெரிந்ததே. ஆனால் பி.எச். 8-ஐ நெருங்கித் தாண்டும்போதுதான் மஞ்சள் சிவக்கத் தொடங்குகிறது. தொட்டி மண்ணில் நாம் அறியவேண்டிய 5-க்கும் 7.5-க்கும் இடைப்பட்ட பகுதியில் அது மஞ்சளாகவே இருக்கும். நீலச் சங்குப்பூவை ஊறவைத்த நீர், அமிலத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். பள்ளிப் பிள்ளைகளோடு செய்துபார்க்க அழகான சோதனை அது. உரம் இடுவதை அதைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

எலுமிச்சைச் சாறு, வினிகர், காபித்தூள் சக்கை, புளித்த மோர், முட்டை ஓடு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் மாமியார் மோர்தான் ஊற்றவேண்டும் என்கிறார். இவற்றில் எது மண்ணின் காரத்தைக் குறைக்கும்?
— திருவல்லிக்கேணி வாசகி

முதலில் முட்டை ஓட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது கால்சியம் கார்பனேட். மண்ணின் காரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. நொறுக்கிப் போட்ட ஓடு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதால் பெரிய தீங்கும் நேர்வதில்லை. மாவாக அரைத்துப் போடுபவர்கள்தான் கவனமாக இருக்கவேண்டும். அடுப்புச் சாம்பலும் இந்த வகையே, இன்னும் வீரியமாக.

எலுமிச்சையும் வினிகரும் வாளியிலுள்ள தண்ணீரின் பி.எச். அளவை உடனே இறக்கிவிடும், அதில் ஐயமில்லை. மண்ணுக்குள் போன பிறகு நடப்பது வேறு. சிட்ரிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் கரிம அமிலங்கள் என்பதால் மண்ணின் நுண்ணுயிர்கள் அவற்றைச் சில நாட்களில் தின்று தீர்த்துவிடுகின்றன. மண் முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதற்காக அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வேர் வெந்துபோகும். வினிகர் களைக்கொல்லியாகவும் பயன்படும் பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

காபிச் சக்கை அமிலம் என்ற நம்பிக்கை வலுவாகப் பரவியிருக்கிறது. காபியின் அமிலத்தில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு இறங்கி நம் டம்ளருக்கு வந்துவிடுகிறது. பில்டரில் மிஞ்சும் சக்கை ஏறத்தாழ நடுநிலையில்தான் இருக்கும். மக்கும் குப்பையில் சேர்த்தால் நல்ல உரம். தொட்டியின் மேல் அப்படியே பரப்பினால் இறுகி ஏடுகட்டி, தண்ணீரை உள்ளே விடாமல் பூஞ்சணமும் சிறு கொசுப் பூச்சிகளும் சேர இடமாகிவிடும். பாலும் சர்க்கரையும் கலந்த தேயிலைச் சக்கையைப் போட்டால் எறும்பு வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் மாமியார் சொல்லும் புளித்த மோரில் லாக்டிக் அமிலம் உண்டு. திறந்த வெளியில், தரையில் நிற்கும் கறிவேப்பிலைக்கு நீர்த்த மோர் ஊற்றுவது நம் வீடுகளின் நெடுநாள் வழக்கம்; அங்கே அதை நிறுத்தச் சொல்லமாட்டேன், அதிலுள்ள புரதமும் செடிக்கு உணவுதான். வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் அதே மோர் நாற்றமெடுக்கும், அமில-கார நிலையிலும் நிலையான மாற்றத்தைத் தராது. அவரிடம் கறிவேப்பிலையை ஒப்படைத்துவிட்டு உள்ளறைத் தொட்டிகளை நீங்கள் பார்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

காரத்தை உண்மையாகவே குறைக்க உரக் கடையில் கிடைக்கும் கந்தகத் தூள்தான் வழி. கந்தகம் தானாக அமிலம் அன்று. மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் அதைக் காற்றின் உயிர்வளியோடு சேர்த்துக் கந்தக அமிலமாக மாற்றவேண்டும். இதற்கு வெப்பமும் மிதமான ஈரமும் தேவை. சென்னையில் வெப்பத்துக்குக் குறைவில்லை. இருந்தாலும் பலன் தெரிய ஆறு முதல் பத்து வாரங்கள் ஆகும். ஒரு லிட்டர் மண்ணுக்கு அரை கிராம் என்ற அளவில் தொடங்கி, மேல்மண்ணில் கிளறிவிட்டு, இரண்டு மாதம் பொறுத்து அளந்து பார்த்த பிறகே மறுபடியும் இடுங்கள். ஒன்றும் நடக்கவில்லையே என்று வாரந்தோறும் இட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் அமிலமாகிச் செடியைக் கொன்றுவிடும். நீர் தேங்கும் தொட்டியில் கந்தகம் இடவே கூடாது. உயிர்வளி கிடைக்காத இடத்தில் அது அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாக மாறி வேரை நஞ்சாக்கும். மின்கல அமிலத்தை நீர்க்கவைத்து ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேளாதீர்கள்.

ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிகளுக்கு ஊற்றுகிறோம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் அப்படியே பயன்படுத்துகிறோம். சரிதானா?
— அண்ணா நகர் வாசகர்

2019-ஆம் ஆண்டுக் கோடையை அனுபவித்த ஊரில் தண்ணீரை வீணாக்க மனம் வராதது இயல்பே. ஆனால் நீங்கள் கேட்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆர்.ஓ. கருவிக்குள் போகும் நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் குடிநீராகப் பிரிந்தால், அந்த நான்கு லிட்டரின் உப்பும் பைகார்பனேட்டும் ஏறத்தாழ முழுவதுமாக மீதி மூன்று லிட்டரில் தங்கிவிடுகின்றன. அதாவது அவற்றின் செறிவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. முன்பே கடினமாக இருக்கும் நீரை இன்னும் கடினமாக்கித் தொட்டியில் ஊற்றுவதாகவே அது முடியும். அந்த நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் வேரோடியிருக்கும் தென்னைக்கு வேண்டுமானால் ஊற்றலாம், அது உப்பைத் தாங்கும்.

ஏ.சி. நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, கிட்டத்தட்ட வடிநீர். அழகுச் செடிகளுக்குத் தாராளமாக ஊற்றலாம். கருவியின் உலோகத் தகடுகளின் மேல் ஓடிவருவதால், கீரைக்கும் கொத்துமல்லிக்கும் வேண்டாம். அதில் தாது உப்பு எதுவும் இல்லாததால், அதை மட்டுமே ஊற்றுபவர்கள் உரத்தைச் சிறிய அளவிலாவது ஒழுங்காகக் கொடுத்தாக வேண்டும்.

மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, ஜீ.ஜீ. செடி ஆகியவற்றை மட்டுமே வளர்க்கிறேன். நானும் பி.எச். பார்க்க வேண்டுமா?
— பெரம்பூர் வாசகி

வேண்டாம். இம்மூன்றும் சற்றுக் காரமான மண்ணையும் பொறுத்துக்கொள்பவை. இவற்றுக்கு வரும் கேடு பெரும்பாலும் அளவுக்கு மீறிய தண்ணீரால்தான் வருகிறது.

டிரசீனாவிலும் ஸ்பைடர் பிளான்டிலும் இலை நுனிகள் பழுப்பாகிக் காய்கின்றன. மண் காரமாகிவிட்டது என்று எண்ணிக் கந்தகம் இட்டேன். நுனிக் கருகல் அதிகமாகிவிட்டது போலத் தெரிகிறது.
— அடையாறு வாசகர்

எல்லாச் செடிக்கும் மண்ணை அமிலமாக்குவதே மருந்து என்ற எண்ணத்துக்கு உங்கள் இரு செடிகளும் விதிவிலக்கு. இவை ஃபுளோரைடுக்கு மிகவும் கூசும் இனங்கள். தண்ணீரிலோ உரத்திலோ உள்ள ஃபுளோரைடு வேரின் வழியாக ஏறி, நீர் ஆவியாகும் இலை நுனியில் சேர்ந்து அங்கேயே திசுவைக் கருக்குகிறது. மண் அமிலமாக ஆக ஃபுளோரைடு கூடுதலாகக் கரையும், 6-க்கும் 6.5-க்கும் நடுவில், கால்சியம் போதுமான அளவில் இருந்தால் பெரும்பகுதி கரையாமல் கட்டுண்டு கிடக்கும். நீங்கள் இட்ட கந்தகம் நிலைமையை மோசமாக்கியிருக்க வாய்ப்புண்டு. மேல்மண்ணை இரண்டு விரல்கடை ஆழத்துக்கு அகற்றிப் புதுக் கலவை இட்டு, மழைநீராலோ ஆர்.ஓ. நீராலோ தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு ஊற்றி வடியவிடுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரம் இடுபவராக இருந்தால் அதை இச்செடிகளுக்கு நிறுத்துங்கள், அதில் ஃபுளோரைடு கலந்திருக்கும். உப்பு மிகுந்த தண்ணீரும் வறண்ட ஏ.சி. காற்றும் இதே போன்ற கருகலைத் தரும் என்பதால், குளிர்க்காற்று நேரே படும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்திவைப்பதும் நல்லது.

ஊட்டியில் நீல ஹைட்ரேஞ்சியா வாங்கி வந்தேன். இங்கே பூத்த ஒரே கொத்து இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. மறுபடி நீலமாக்க முடியுமா?
— தாம்பரம் வாசகி

நிறத்தைத் தீர்மானிப்பது மண்ணிலுள்ள அலுமினியம். மண் 5.5-க்குக் கீழே இருக்கும்போது அலுமினியம் கரைந்து பூவுக்குள் போய் நிறமியோடு சேர்ந்து நீலமாகிறது. 6-க்கு மேலே அது மண்ணிலேயே நின்றுவிடுவதால் பூ சிவக்கிறது. நீலகிரியின் மண் இயல்பாகவே அமிலமும் அலுமினியமும் உடையது. உங்கள் தண்ணீர் தொட்டியை எதிர்த்திசையில் கொண்டுபோய்விட்டது. படிகாரத்தில் அலுமினியம் இருப்பதால், மழைநீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவில் கரைத்து மொட்டு உருவாகும் பருவத்தில் சில முறை ஊற்றினால் நீலம் திரும்பும். வேறு செடிகளுக்கு இதைச் செய்யக் கூடாது, அலுமினியம் அவற்றின் வேர்நுனியைத் தாக்கும். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: குளிர் கிடைக்காத சமவெளியில் இச்செடி மறுபடி நன்றாகப் பூக்குமா என்பதே கேள்வி. மண்ணின் போக்கு வேண்டாத தொல்லை என்று தோன்றினால், தாம்பரத்து வெயிலுக்கு இட்லிப்பூ வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அமில மண்ணையே விரும்பும், இரும்பு குறைந்தால் முதலில் வெளுப்பதும் அதுவே. ஆனால் பராமரித்தால் நம் ஊரில் ஆண்டு முழுவதும் பூக்கும்.

வெறும் தேங்காய் நார்த்தூளில் செடி வளர்க்கிறேன். ஆர்.ஓ. தண்ணீரும் அமோனியம் சல்பேட்டும் மட்டுமே கொடுக்கிறேன். இந்தப் பத்தியில் முன்பு சொன்னபடி வடிநீர் ஊற்றிச் சோதித்தபோது 4.5 காட்டுகிறது. அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. சுண்ணாம்பு போடட்டுமா?
— சோழிங்கநல்லூர் வாசகர்

சென்னையில் இப்படி ஒரு கடிதம் வருவது அரிது. நீங்கள் செய்த மூன்றும் ஒரே திசையில் வேலை செய்திருக்கின்றன. ஆர்.ஓ. நீரில் அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் பைகார்பனேட் இல்லை. நார்த்தூளிலும் அந்தத் தாங்குதிறன் குறைவு. அமோனியம் சல்பேட்டை மண் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளியாகிறது. 5-க்குக் கீழே இறங்கிய கலவையில் மாங்கனீசும் இரும்பும் அளவுக்கு மீறிக் கரைந்து இலையில் புள்ளிகளாக வெளிப்படும். நார்த்தூள் தன்னிடமுள்ள பொட்டாசியத்தை விட்டுக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அவ்விரண்டு சத்துகளும் கூடக் குறைந்திருக்கும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பையோ வெற்றிலைச் சுண்ணாம்பையோ போட்டுவிடாதீர்கள். அவை கால்சியம் ஹைட்ராக்சைடு. வேரைச் சுடுவதோடு, மீந்திருக்கும் அமோனியத்தை அமோனியா வாயுவாக எழுப்பும். உங்களுக்கு ஏற்றது டோலமைட் தூள். அது மெதுவாகக் கரைந்து கால்சியம், மக்னீசியம் இரண்டையும் சேர்த்தே தரும். லிட்டர் கலவைக்கு ஒரு கிராம் வீதம் மேலே தூவிக் கிளறி நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அமோனியம் சல்பேட்டை நிறுத்திவிட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட்டை பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கொடுங்கள். வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. நீரோடு நான்கில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீரையும் கலந்து ஊற்றுங்கள், உங்கள் தொட்டிக்கு அந்தப் பைகார்பனேட் தேவை. ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து, 5.5-ஐ எட்டியிருந்தால் டோலமைட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் கலவையை மட்டும் தொடருங்கள். எட்டவில்லையென்றால் அரை கிராம் மட்டும் மறுபடி இடுங்கள்.